பரிசீலனையில் ஒரு விமானம்

ஆகாயத்தில் பறக்கிற எவரும் பூமியில் உட்கார்ந்திருக்கிற யாராவது ஓர் உத்தியோகஸ்தருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பது சர்க்காரின் கொள்கை. காக்கைகளுக்கு மட்டும் அப்போதைக்கு விதிவிலக்கு இருந்தது.

இந்தக் கொள்கையை அனுசரித்து 1952-ம் வருஷம் மகாபலிபுரத்தில், கடலைப் பார்த்த ஓர் ஓட்டு வீட்டில், 'தனியார் விமான நெடும்பயண வானொலித் தொடர்பு உபநிலையம்' திறந்து வைக்கப்பட்டது. பெயர்ப் பலகை வீட்டை விட நீளமாகப் போய்விட்டது. இரண்டாக அறுத்து, பாதியை வடக்குச் சுவரிலும் பாதியைத் தெற்குச் சுவரிலும் அடித்தார்கள். வடக்கிலிருந்து வந்தவர்கள் 'தனியார் விமான நெடும்பயண' என்று படித்துவிட்டு டிக்கெட் கேட்டார்கள். தெற்கிலிருந்து வந்தவர்கள் 'வானொலித் தொடர்பு உபநிலையம்' என்று படித்துவிட்டு, பாட்டு கரகரக்கிறது என்று ரேடியோப் பெட்டியை ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

ராஜதானி முழுவதும் சலித்துப் பார்த்ததில் சொந்த விமானம் உள்ளவர்கள் மூன்றே பேர் அகப்பட்டார்கள். ஒரு ஜமீன்தார், அவருடைய விமானத்துக்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. ஒரு சினிமா முதலாளி. அவருடைய விமானம் பறந்ததில்லை, கதாநாயகி ஏறி நின்று அழுவதற்காக வைத்திருந்தார். மூன்றாமவர் கருங்குழி மிராசுதார் மகன் ராஜகோபாலன். யுத்தத்தில் மிஞ்சிப்போன ஒரு குட்டி விமானத்தை ஏலத்தில் எடுத்து, நிஜமாகவே பறந்துகொண்டிருந்தார். ஆக, உபநிலையம், கருவி, உத்தியோகஸ்தர்கள், இரண்டு துண்டுப் பலகை எல்லாம் ராஜகோபாலன் ஒருவருக்காக என்று ஏற்பட்டது.

நீண்ட தூரம் பறக்கிற தனியார், அரைமணிக்கு ஒரு தரம் தாம் யார், எவ்வளவு உயரம், எந்தத் திசை என்று வானொலியில் கீழே சொல்ல வேண்டும். ஆபத்துக் காலத்தில் உதவும் என்பது ஏற்பாடு. ராஜகோபாலனுக்கோ ஐந்து மணி நேரம் தனியாக மேகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தால் யாரிடமாவது பேச வேண்டும் போல் இருக்கும். "இடது கால் மரத்துப் போச்சு, ஓவர்" என்பார். "கீழே ஒரு ஊர் தெரியுது, அழகா இருக்கு, பேர் தெரியல, ஓவர்" என்பார்.

பேசி முடித்ததும் 'ஓவர்' சொல்லுகிற இந்த நாகரிகம் உபநிலையத்திலிருந்து கிளம்பிச் செங்கல்பட்டு முழுக்கப் பரவியது. கோர்ட்டில் வக்கீல்கள் சொன்னார்கள். காய்கறிக்காரி சொன்னாள். ஆய்வாளர் பாஷ்யத்தின் மனைவி பாலாம்பாள், "இலை போட்டாச்சு, ஓவர்" என்று சொன்ன பிறகுதான் பாஷ்யம் சாப்பிட உட்காருவார்.

இந்தப் பாஷ்யம்தான் உபநிலையத்தின் அதிகாரி. ஆனால் உபநிலையத்தில் இருப்பதில்லை. மகாபலிபுரத்தில் அந்தத் தெருவுக்கு மின்சாரம் வரவில்லை. கருவி பாட்டரியில் ஓடும். அதிகாரி மின்விசிறி இல்லாமல் ஓடமாட்டார். ஆகவே கருவியை மகாபலிபுரத்திலும் அதிகாரத்தைப் பதினெட்டு மைல் தள்ளிச் செங்கல்பட்டிலும் வைத்தார்கள். நடுவில் ஒரு டெலிபோன் கேட்டதற்குத் தணிக்கைக்காரர்கள் ஒரு வரியில் பதில் எழுதிவிட்டார்கள்: கம்பியில்லாமல் பேசத் தெரிந்த ஓர் ஆபீசுக்குக் கம்பி எதற்கு?

கருவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் வத்சலா. தற்காலிக ஆப்பரேட்டர். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் அவளுடைய வேலை செத்துப் பிழைக்கும். நிரந்தரமாக்கும் ஃபைல் பாஷ்யத்தின் மேஜையில், மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க மற்ற ஃபைல்களின் மேல் பாரமாக வைக்கப்பட்டிருந்தது. அவளுக்கு வானொலி முழுக்கத் தெரியும். காற்று, மேகம், தூரம் எல்லாம் கணக்காகச் சொல்லுவாள். ஆனால் விதி, ஆப்பரேட்டர் கேட்கலாம், பேசக்கூடாது. வந்த செய்தியை மூன்று பிரதி எடுத்து, நம்பர் போட்டு, பியூன் மாரியிடம் கொடுத்து, பஸ்ஸில் செங்கல்பட்டுக்கு அனுப்ப வேண்டும். பாஷ்யம் படித்து, பதில் எழுதி, கையெழுத்திட்டு, அதே பஸ்ஸில் திருப்பி அனுப்புவார். அதைத்தான் வானொலியில் வாசிக்கலாம். ஆகாயத்திலிருந்து கண்ணிமைக்கும் நேரத்தில் வந்த சங்கதி, அப்புறம் திருக்கழுக்குன்றம் வழியாகச் சாவகாசமாகப் போய்வரும். ராஜகோபாலனுடைய இடது கால் மரத்துப்போனதற்கு, "காலை மாற்றி வைத்துக்கொள்வதில் இந்த அலுவலகத்துக்கு ஆட்சேபம் இல்லை" என்ற பதில், அவர் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தூங்கி எழுந்த பிறகு ஆகாயத்தில் ஒலிபரப்பானது.

அனுமதியில்லாமலே வாசிக்கக்கூடிய வாக்கியம் ஒன்று மட்டும் உண்டு. சுவரில் அட்டையில் ஒட்டியிருந்தது: "தங்கள் செய்தி கிடைத்தது. பரிசீலனையில் உள்ளது."

புரட்டாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்குக் கருவி கரகரத்தது.

"மகாபலிபுரம், மகாபலிபுரம், ராஜகோபாலன் பேசறேன். விசாகப்பட்டினத்திலிருந்து வர்றேன். மெட்ராஸ் மேல கருமேகம் அடைச்சுக்கிட்டு நிக்குது, மீனம்பாக்கம் கண்ணுக்கே தெரியல. பெட்ரோல் இன்னும் ரெண்டு மணி நேரத்துக்குத்தான் இருக்கு. எதிர்க்காத்துல திருச்சி வரைக்கும் தாங்காது. பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரன் ஊரு, கேஸ் போடுவான். உங்க கடற்கரையில இறங்கட்டுமா? அனுமதியில்லாம இறங்கினா லைசென்ஸ் போயிடும். ஓவர்."

வத்சலா அட்டையைப் பார்த்து வாசித்தாள். பிறகு மூன்று பிரதி எழுதினாள். அவசரத்தில் மூன்றாவது பிரதி மட்டும் கவிதை போல் மடங்கி மடங்கிப் போயிற்று.

"மாரி, பத்தரை பஸ்ஸைப் பிடி. ஓடு."

மாரி ஜன்னல் வழியாக மேலே பார்த்தான். "இன்னாம்மா, தலைக்கு மேல சுத்திகினு கீற ஆளு கேக்குறதுக்கு நான் செங்கல்பட்டு போயி பதிலு வாங்கியாரணுமா?"

"அனுமதி இல்லாம அவர் இறங்க முடியாது, மாரி."

"பெட்ரோலு தீந்துபூட்டா?"

"தீர்ந்தா இறங்கித்தான் ஆகணும்."

"அதுக்கு மட்டும் அனுமதி வாணாமா?" என்றான் மாரி. காகிதத்தைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான்.

திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளைக்கு இரண்டு கழுகுகள் மலைமேல் இறங்கிச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போகும் என்பது தெரிந்த விஷயம். அது வரைக்கும் பஸ் நகராது. பிரயாணிகள் கேட்டுக்கொண்டால் டிரைவர் நிறுத்துவார். கேட்காவிட்டால் தாமே தரிசனத்துக்குப் போய்விடுவார். அன்றைக்குச் செங்கல்பட்டிலிருந்து வந்த பஸ்ஸும் அங்கேதான் நின்றது. அதில் மாதாந்திரச் சோதனைக்காக மகாபலிபுரத்துக்குப் புறப்பட்டு வந்த பாஷ்யமும் தரிசனத்துக்கு மலை ஏறியிருந்தார். மாரி ஐந்நூற்றுச் சொச்சம் படியையும் ஏறி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் காகிதத்தை நீட்டினான். அங்கே நடந்த சம்பாஷணையை மாரி பிற்பாடு வத்சலாவிடம் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தான்.

"சார், அர்ஜெண்டு. ஏரோப்ளேன்ல பெட்ரோலு தீரப் போவுது."

பாஷ்யம் இரண்டு தரம் கனைத்தார். அவர் கனைக்காமல் எதையும் சொன்னதில்லை. மூக்கிலிருந்து புறப்பட்டு, 'அதாவது' என்ற ஸ்டேஷனில் நின்று, அப்புறம்தான் விஷயத்துக்கு வருவது அவர் குரல்.

"அதாவது, நான் இப்போ முகாமில் இருக்கேன். முகாமில் இருக்கிற அதிகாரிக்கு வர்ற தபால் தலைமையிடத்தில் பதிவாகி, அங்கேயிருந்து முகாமுக்கு வரணும். நீ பாட்டுக்குக் கையில் கொண்டுவந்து நீட்டினா எப்படி? செங்கல்பட்டுக்குப் போய் என் மேஜை மேல வை."

"மேஜைல வச்சா யாரு சார் பாப்பாங்க?"

"நான்தான்."

"நீங்க இங்க கீறீங்களே."

"அதனாலதான் 'மிக அவசரம்'னு மேலே எழுதி வைக்கச் சொல்றேன். நகரு, கழுகு வர நேரம்."

எல்லோரும் வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். அன்றைய தினம் செங்கல்பட்டு ஜில்லாவில் வானத்தைப் பார்த்தவர்களுக்குக் குறைவே இல்லை. பறவையைத்தான் மாற்றிப் பார்த்தார்கள்.

இங்கே மகாபலிபுரத்தில் மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. "முள்ளு கீழே தொட்டுக்கிட்டு நிக்குது," என்றார் ராஜகோபாலன். ஓவர் சொல்லக்கூட மறந்துவிட்டார். வத்சலா ஐந்தாம் தடவையாக அட்டையை வாசித்தாள். "இன்னுமா பரிசீலனை?" என்று மேலேயிருந்து கேட்ட குரலில் கோபம் இல்லை; பழகிப்போன பிரஜையின் பணிவு இருந்தது. அதைக் கேட்கத்தான் அவளுக்குத் தாங்கவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்று வெளியே ஓடினாள்.

கடல் உள்வாங்கியிருந்தது. ஈர மணல் சிமெண்டுத் தரை மாதிரி கெட்டியாக, கடற்கரைக் கோயிலுக்குத் தெற்கே நீளமாகக் கிடந்தது. காற்று தெற்கிலிருந்து நிதானமாக வீசியது. இறங்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் அதன் மேல் கட்டுமரங்கள், வலைகள், கூடைகள், குப்பத்து ஜனங்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். நடுவில் செங்கம்மாள் உட்கார்ந்து வலையிலிருந்து மீனை உருவிக்கொண்டிருந்தாள்.

"செங்கம்மா, எல்லாரும் மேட்டுக்குப் போகணும். விமானம் இறங்கப் போறது."

"யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன்."

"நீ சொன்னா ஆச்சா?" என்றாள் செங்கம்மாள், கை நிற்காமல். "போன மாசம் உங்க ஆபீசரு வந்து, 'வலையெல்லாம் இங்கதான் இருக்கணும், மேட்டுல ஒண்ணும் கூடாது'ன்னு சொல்லிட்டுப் போனாரு. அவரு வந்து சொல்லட்டும், தூக்கிக்கினு போறோம். நீ கருவி திருப்புற பொண்ணு. உன் பேச்சக் கேட்டு வலையத் தூக்கி, நாளைக்கு அவரு பேஜாரு பண்ணா நீயா வந்து நிப்ப?"

நியாயமான கேள்வி. வத்சலா திரும்ப ஓடிவந்து ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

"ராஜகோபாலன் சார், இறங்குங்கோ. கோயிலுக்குத் தெற்கே ஈர மணல் கெட்டியா இருக்கு. தெற்கத்திக் காற்று. வடக்கேயிருந்து வாங்கோ. ஜனங்களை நான் விலக்கறேன். ஓவர்."

கருவி கரகரத்தது.

"யாரும்மா பேசறது? அனுமதி குடுத்தது யாரு?"

"நான்தான். ஆப்பரேட்டர்."

"நிரந்தரமா, தற்காலிகமா?"

"தற்காலிகம்."

"அப்ப அனுமதியும் தற்காலிகம்தானே. பாதி இறங்கும்போது முடிஞ்சுபோச்சுன்னா நான் எங்கே போறது? பெரியவங்க யாராவது இருந்தா கூப்பிடும்மா. இன்னும் பத்து நிமிஷம் தாங்கும்."

ஆகாயத்தில் ஒருவர் சாகத் தயாராக இருந்தார். சிறிய உத்தியோகஸ்தரால் பிழைக்கத் தயாராக இல்லை.

வத்சலாவுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து ஒரு கெட்ட பழக்கம். யார் பேசினாலும் அப்படியே பேசிக் காட்டுவாள். பாஷ்யம் சோதனைக்கு வந்துவிட்டுப் போனதும் அவர் கனைப்பைக் கனைத்துக் காட்டி மாரியைச் சிரிக்க வைத்திருக்கிறாள். இப்போது கதவைச் சாத்தினாள். ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைத்துக்கொண்டாள். கடற்கரைக்குக் கேட்கும்படி உரக்க இரண்டு தரம் கனைத்தாள்.

"அதாவது, கடற்கரையில் கூடியிருக்கும் சகலரும், மேற்படி இடத்தைவிட்டு உடனடியாக மேட்டுக்குப் போகவேண்டியது. தவறினால் மேல்நடவடிக்கை எடுக்கப்படும்."

மேல்நடவடிக்கை என்றால் என்னவென்று குப்பத்தில் யாருக்கும் தெரியாது. தெரியாததனால்தான் அது வேலை செய்தது. நாலு பேர் சேர்ந்து புரட்டவேண்டிய கட்டுமரத்தை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். செங்கம்மாள் வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டாள். "ஆபீசரு எப்படி வந்தாரு? பஸ்ஸையே காணோமே," என்று கேட்டாள். பக்கத்தில் ஓடிய ஆராயி, "ஆபீசருங்க அப்பிடித்தான். வர்றதே தெரியாது," என்றாள்.

வத்சலா ஒலிவாங்கிக்குத் திரும்பினாள். முன்னே சொன்ன அதே மணல், அதே காற்று, அதே திசை. மூக்கில் ஏற்றிச் சொன்னாள்.

"அதாவது, தாங்கள் கோயிலுக்குத் தெற்கே, வடக்கிலிருந்து தெற்கு நோக்கி, ஈர மணலில் இறங்குவதற்கு இதனால் அனுமதி அளிக்கப்படுகிறது. ஓவர்."

"ரொம்ப நன்றி சார்," என்றார் ராஜகோபாலன். குரலில் உயிர் வந்துவிட்டது. "இவ்வளவு நேரம் ஒரு பொண்ணு குழப்பிக்கிட்டே இருந்தது சார். இதோ வர்றேன்."

விமானம் இறங்கியது. ஈர மணலில் இரண்டு கோடு கிழித்துக்கொண்டு ஓடி, செங்கம்மாள் மறந்துவிட்டுப் போன ஒரு மீன் கூடைக்கு நாலடி முன்னால் நின்றது. ராஜகோபாலன் மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு உபநிலையத்துக்கு வந்தார். உள்ளே வத்சலாவையும் காலி நாற்காலியையும் பார்த்தார். "ஆபீசர் எங்கே?" என்றார். வத்சலா வாய் திறப்பதற்குள், "முகாம் போயிட்டாரா? சரி, சரி, அவங்களுக்கு ஆயிரம் வேலை," என்று காலி நாற்காலியைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

இரண்டு மணிக்கு வந்த பஸ்ஸிலிருந்து பாஷ்யம் இறங்கியதும் குப்பத்து ஜனங்கள் மாலை போட்டார்கள். மாதாந்திரச் சோதனைக்கு இவ்வளவு மரியாதையா என்று அவர் வியந்தாலும் கழுத்தை நீட்டினார். ராஜகோபாலன் வந்து, "சார் குரல்தான் என் உயிரைக் காப்பாத்திச்சு" என்றபோதுதான் விஷயம் புரிந்தது. வத்சலாவை ஒரு பார்வை பார்த்தார். மாலையை மட்டும் கழற்றவில்லை.

பத்திரிகையில் செய்தி வந்துவிட்டபடியால் சென்னையிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் விசாரணைக்கு வந்தார். ஃபைலில் அனுமதி இல்லை. ஆகாயத்தில் அனுமதி இருந்திருக்கிறது. எப்படி?

ராஜகோபாலன், "பாஷ்யம் சார் குரல்தான், கோயிலில் வேணாலும் சத்தியம் செய்வேன்" என்றார். செங்கம்மாள், "ஆபீசரு குரல் எங்களுக்குத் தெரியாதா?" என்றாள். பஸ் டிரைவரும் நாற்பது பக்தர்களும், அந்த நேரத்தில் பாஷ்யம் மலைமேல் முதல் வரிசையில் நின்று கழுகுக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டார் என்று சாட்சி சொன்னார்கள்.

பாஷ்யத்துக்குச் சங்கடம். தாம் பேசவில்லை என்றால் கீர்த்தி போகும். பேசினேன் என்றால், ஃபைல் இல்லாமல் பேசிய குற்றம் வரும். இரவெல்லாம் யோசித்து, முப்பது வருஷ சர்வீஸின் சாரமாக ஒரு வாக்குமூலம் கொடுத்தார். "அதாவது, குரல் என்னுடையது. ஆனால் நான் அங்கே இல்லை."

கடைசியில் வத்சலா எழுந்தாள். "பேசினது நான்தான் சார்," என்றாள்.

பெரிய அதிகாரி சிரித்தார். "நீயா? எங்கே, பேசு பார்ப்போம்."

வத்சலா இரண்டு தரம் கனைத்து, "அதாவது," என்றாள். பெரிய அதிகாரி தம்மை அறியாமல் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். பாஷ்யமே கைகட்டிக்கொண்டார்.

விசாரணை அறிக்கை பதினொரு பக்கம். சாராம்சம் இதுதான்: சம்பவ தினத்தன்று அதிகாரி ஆஜரில் இல்லை, அதிகாரியின் குரல் ஆஜரில் இருந்தது, அலுவல் குந்தகமின்றி நடந்தது. எனவே அலுவலுக்குத் தேவையானது அதிகாரி அல்ல, அவர் குரலே என்று ருசுவாகிறது. அதிகாரி தேவையில்லாதவர் என்று ருசுவானதால் பாஷ்யத்துக்குப் பிரமோஷன் கொடுத்துச் சென்னைக்கு மாற்றினார்கள். ஆப்பரேட்டர் வத்சலாவை நிரந்தரமாக்கினார்கள். ஒரே ஒரு நிபந்தனை: அலுவலக நேரத்தில் அவள் பாஷ்யம் குரலில் மட்டுமே பேசவேண்டும். சொந்தக் குரலைச் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் உபயோகித்துக்கொள்ளலாம்.

வத்சலா அந்த நிபந்தனையை மதிக்கவில்லை. இனிமேல் பஸ் வேண்டாம், அட்டை வேண்டாம், கேட்ட கேள்விக்கு அந்த நிமிஷமே பதில் சொல்லலாம். இனி எதற்கு இன்னொருத்தர் மூக்கு?

தை பிறந்து பத்தாம் நாள் ராஜகோபாலன் தெற்கேயிருந்து, மதுரைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தார்.

"மகாபலிபுரம், ராஜகோபாலன் பேசறேன். மூவாயிரம் அடி. மெட்ராஸ் எப்படி இருக்கு? நேரா போகலாமா? ஓவர்."

வத்சலா உற்சாகமாக ஒலிவாங்கியை எடுத்தாள். "போகலாம் சார். மீனம்பாக்கத்தில் வானம் பளிச்சுன்னு இருக்கு. வடகிழக்குக் காற்று, லேசாத்தான். இப்படியே நேரே போனா கால்மணியில் இறங்கிடலாம். ஓவர்."

"நீ யாரும்மா? பாஷ்யம் சார் இல்லியா?"

"அவர் மாற்றலாகிப் போயிட்டார். இப்போ நான்தான். அன்னிக்கு உங்களை இறக்கினதும் நான்தான் சார்."

மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. "விளையாடாதேம்மா. மனுஷன் அந்தரத்துல இருக்கேன். ஆபீசரைக் கூப்பிடு. அவர் வர்ற வரைக்கும் சுத்திக்கிட்டிருக்கேன்."

சொன்னபடி சுற்ற ஆரம்பித்தார். வானத்தில் ஒரு மேகத் துணுக்கு இல்லை. வத்சலா மறுபடியும் மீனம்பாக்கம் சொன்னாள், காற்று சொன்னாள், கால்மணி சொன்னாள். மூன்று சுற்று ஆயிற்று. நாலாவது சுற்றில் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அதாவது," என்றாள் மூக்கால், "சென்னையின் திசையைப் பொறுத்தவரை, மேலிடத்திலிருந்து உரிய உத்தரவு வந்ததும் தங்களுக்குத் தெரிவிக்கப்படும்."

"அப்பாடா," என்றார் ராஜகோபாலன். "இப்பத்தான் சார் நிம்மதியா இருக்கு. நீங்க மெதுவா பாத்துச் சொல்லுங்க, எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."